காற்று முதுகில் அடிக்கும்போது எடுக்கத் தவறிய முடிவு: மர எல்லைக்கு மேலே குளிர்கால நடை

கடைசிமரம்:

சென்ற குளிர்காலத்தில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். என் வலக்கையின் சுண்டுவிரல் நுனியிலும் மோதிரவிரல் நுனியிலும் இன்னும் முழு உணர்வு திரும்பவில்லை என்பதால், இது எனக்கு முடிந்துபோன கதை அன்று.

நாங்கள் மூவர் போயிருந்தோம். மூவருமே பல ஆண்டுகளாக மலை ஏறுபவர்கள், பனியில் நடந்து பழகியவர்கள். விடியும் முன்பே கிளம்பினோம். காட்டுக்குள் காற்று இல்லை. கிளைகளின்மேல் படிந்த பனி உதிராமல் அப்படியே இருந்தது. தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் மட்டும் கடல் இரைவதுபோல் ஓர் ஓசை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மூவருக்கும் அது கேட்டது. ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மரங்கள் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, பிறகு பாறையோடு ஒட்டிய புதர்களாகி முடிந்த இடத்தில், அதாவது மர எல்லையில், வெட்டவெளிக்கு வந்தோம். காற்று பின்னாலிருந்து அடித்தது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவதுபோல் இருந்ததால் ஏற்றம் எளிதாயிற்று. எனக்கு வியர்த்தது, பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேல்சட்டையின் ஜிப்பைப் பாதி இறக்கிக்கொண்டு நடந்தேன். கணக்கிட்ட நேரத்துக்கு முன்பே பாதித் தூரத்தைக் கடந்துவிட்டோம் என்று உள்ளூரப் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாதையைக் காட்ட அடுக்கி வைத்த ஒரு கற்குவியல் அருகில் நின்று, பின்னால் வந்தவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. பனித்துகள் மணலைப்போல் முகத்தில் அறைந்தது. மூச்சை உள்ளே இழுக்கத் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. நெற்றியிலிருந்து பனிக்கண்ணாடியை இறக்கினால், வியர்வையின் ஈரம் அதன் உட்புறத்தில் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டுவதற்காக வலக்கையின் தடித்த கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கினேன். அது நழுவியது. இரண்டு முறை பாறையில் பட்டு எழுந்து சென்றதைப் பார்த்தேன், அவ்வளவுதான். மெல்லிய உள்ளுறை மட்டும் மிஞ்சியது. சில நிமிடங்களுக்கு விரல்கள் பொறுக்க முடியாமல் வலித்தன. பிறகு வலி நின்றது. வலி நின்றபோது நான் நிம்மதி அடைந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

ஏற ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட அந்த வெட்டவெளியை இறங்கக் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு கற்குவியலிலிருந்து அடுத்த கற்குவியலுக்குச் சில இடங்களில் தவழ்ந்தே போனோம். உடன் வந்தவர் தம் பையிலிருந்த மாற்றுக் காலுறையை என் கையில் மாட்டிவிட்டார். அந்தக் காலுறை இல்லாவிட்டால் இந்த இரு விரல்களும் எனக்கு இருந்திருக்காது.

நான் விவாதத்துக்கு வைக்கும் கருத்து இதுதான். மர எல்லைக்கு மேலே போவதா, திரும்புவதா என்ற முடிவைக் கடைசி மரத்தின் மறைவில், உடல் சூடாகவும் அறிவு தெளிவாகவும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அந்த முடிவை, திரும்பி வரும் திசையில் முகத்தை வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மேலே போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்பது குளிர்காலத்தில் முடிவே ஆகாது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வடமுகடு:

உங்கள் விரல்கள் விரைவில் முழுமையாகக் குணமடைய வேண்டுகிறேன், நண்பரே. இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. ஆனாலும் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் விவரிப்பதில் தவறு இடத்தைப் பற்றியது அன்று, பழக்கத்தைப் பற்றியது. பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதும், வியர்க்கும்வரை வேகமாக நடந்ததும், கையுறையை மணிக்கட்டோடு கயிற்றால் பிணைக்காததும்தான் உங்களைத் தண்டித்தன. இவை மூன்றும் சரியாக இருந்திருந்தால் அதே காற்றில் நீங்கள் உச்சிக்குப் போய்த் திரும்பியிருப்பீர்கள். நான் பலத்த காற்றில் முகடுகளில் நடந்திருக்கிறேன். காற்றோடு சாய்ந்து நிற்கவும், வீச்சு உயரும்போது குனிந்து காத்திருக்கவும், தணிந்த கணத்தில் அடியெடுத்து வைக்கவும் ஒருவர் மேலே போய்த்தான் கற்றுக்கொள்ள முடியும். கடைசி மரத்தடியில் நின்று அதைக் கற்க வழியில்லை.

மலையின் வானிலை மணிக்கு மணி மாறுகிறது. காலை எட்டு மணிக்கு எடுத்த முடிவைப் பத்து மணிக்கும் பிடித்துக்கொண்டிருப்பது எச்சரிக்கை ஆகாது. தொடர்ந்து கவனித்துக்கொண்டே போவதும், மோசமாகும்போது திரும்புவதும்தான் அனுபவம் என்று நான் கருதுகிறேன்.

காற்றளவு:

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எண்களைப் பார்க்காமல் இந்த விவாதம் முன்னே போகாது. நான் வானிலைக் கணிப்புகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

காற்று நம் உடலைத் தள்ளும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று 60 ஆனால் விசை நான்கு மடங்கு. 90 ஆனால் ஒன்பது மடங்கு. மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வரையுள்ள காற்றை, காற்றின் வலிமையை வகைப்படுத்தும் போஃபோர்ட் அளவுகோல் எட்டாம் நிலையில் வைக்கிறது; அந்த நிலையில் சமதரையிலேயே எதிர்த்து நடப்பது கடினம். பனிக்கட்டி படிந்த பாறையில், பெரிய பையோடு, ஒரு கால் காற்றில் இருக்கும் கணத்தில் அது எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். வடமுகடு சொல்லும் சாய்ந்து நிற்கும் உத்தி சீராக வீசும் காற்றுக்குப் பொருந்தும். மலைமுகட்டில் காற்று சீராக வீசுவதில்லை. திடீரென்று நின்றால், சாய்ந்து நின்றவர் சாய்ந்த பக்கமே விழுவார்.

அடுத்தது குளிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் மைனஸ் 7 டிகிரி என்றால், 2,000 மீட்டர் மேலே மைனஸ் 20 டிகிரியை எதிர்பார்க்கலாம். அங்கே மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 36 டிகிரிக்கு இணையான குளிர்; அந்த நிலையில் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் தோல் உறையக்கூடும். இதே காற்று முதுகில் அடிக்கும்போது மேல்சட்டையும் பையும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. திரும்பியதும் மூக்கும் கன்னமும் தாங்க வேண்டும். இழையைத் தொடங்கியவர் உணர்ந்ததன் காரணம் இதுவே. காற்று மாறவில்லை, அதை வாங்கும் பக்கம் மாறியது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பள்ளத்தாக்கிலுள்ள ஊருக்கான கணிப்பைப் படித்துவிட்டு மேலே போகிறார்கள். முகட்டைக் கடக்கும் காற்று நெருக்கப்படுவதால் வேகம் கூடுகிறது. இரு சிகரங்களுக்கு இடையேயுள்ள கணவாயில் இன்னும் கூடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மவுண்ட் வாஷிங்டன் 1,917 மீட்டர்தான். இமயத்தோடு ஒப்பிட்டால் சிறு குன்று. ஆனால் அதன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாயிற்று. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அதே உச்சியில் வெப்பநிலை மைனஸ் 44 டிகிரிக்கு இறங்கியது. காற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால் அது மைனஸ் 78. அங்குள்ள வானிலை ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்று தனிக் கணிப்பை வெளியிடுவதன் காரணம், அடிவாரத்தின் வானமும் உச்சியின் வானமும் வெவ்வேறு என்பதுதான். நீங்கள் போகும் மலைக்கு உச்சிக்கான தனிக் கணிப்பு கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால் வெப்பநிலைக்கு முன்னால் காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள். திசை தெரிந்தால், திரும்பும்போது அது முகத்தில் அடிக்குமா என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

வடமுகடு:

எண்களை ஏற்றுக்கொள்கிறேன். சீரற்ற வீச்சைப் பற்றிச் சொன்னது சரியான திருத்தம், நன்றி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. முகட்டின்மேல் அவசரக் குடில் இருக்கும் பாதைகளில், திரும்புவதைவிட முன்னே போவதே பாதுகாப்பாக அமையும் நேரங்கள் உண்டல்லவா? பின்னால் இரண்டு மணி நேர எதிர்க்காற்று, முன்னால் அரை மணி நேரத்தில் ஒரு கூரை. அந்த நிலையில் கடைசி மரத்தை நோக்கித் திரும்பச் சொல்வீர்களா?

முதலுதவி:

அந்தக் கேள்விக்காகவே நான் எழுத வந்தேன். நான் மருத்துவத் துறையில் இருக்கிறேன். மலை மீட்புக் குழு ஒன்றோடு பல குளிர்காலங்கள் பணியாற்றியிருக்கிறேன்.

1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் பீடபூமியில் நடந்ததை மலையேறுபவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பள்ளி மாணவர்களின் குழு ஒன்று இரண்டாகப் பிரிந்து நடந்தது. இரு பிரிவுகளும் மேலேயிருந்த ஒரு சிறு குடிலை நம்பியே கிளம்பின. வலுவான பிரிவு குடிலை அடைந்தது. மற்றது பனிப்புயலில் அதைக் கண்டடைய முடியாமல் திறந்த வெளியிலேயே தங்கியது. ஐந்து மாணவர்களும் பயிற்சி நிலையில் இருந்த ஓர் இளம் உதவியாளரும் இறந்தார்கள். அதன்பின், உயரத்தில் இத்தகைய குடில்கள் இருப்பதே மக்களை மோசமான வானிலையில் மேலே இழுக்கிறதா என்ற நீண்ட விவாதம் எழுந்து, அந்தக் குடில் பின்னர் அகற்றப்பட்டது. அரை மணி நேரத் தொலைவில் கூரை என்று வரைபடம் சொல்லும். கண்ணுக்கு முன்னால் கை தெரியாத பனியில் அந்தக் கூரை பத்தடி தள்ளி இருந்தாலும் இல்லாததற்குச் சமம். அது பனியில் மூடியும் இருக்கலாம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதை உடல்வெப்பக் குறைவு என்கிறோம். 32 வரை அது இலேசான நிலை. அந்த இலேசான நிலையில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது, ஏனென்றால் அப்போது மனிதர் நடப்பார், பேசுவார், நான் நன்றாக இருக்கிறேன் என்று உறுதியாகச் சொல்வார். ஆனால் ஜிப்பை இழுக்க விரல் வளையாது. பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்தகடான கிராம்பானின் பட்டையை மாட்ட மூன்று முறை முயல்வார், பிறகு அப்படியே விட்டுவிடுவார். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் எரிச்சலோடு பதில் வரும். சமதரையில் கால் இடறும். 32 டிகிரிக்குக் கீழே போகப்போக நடுக்கம் குறைந்து நின்றுவிடும்; உடன் இருப்பவர்கள் அதைத் தேறிவிட்டார் என்று தவறாகப் படிப்பார்கள். கடைசிக் கட்டத்தில் சிலர் சூடாக இருப்பதாக உணர்ந்து உடைகளைக் களைவதுகூட உண்டு.

ஆகவே, மேலே போய்த் தொடர்ந்து கவனித்து முடிவு செய்வேன் என்று வடமுகடு சொல்வதில் நான் காணும் ஓட்டை இதுவே: கவனிக்க வேண்டிய கருவி எதுவோ, அதுதான் குளிரில் முதலில் பழுதாகிறது. தம் அறிவு மங்குவதைத் தாமே அறிந்துகொள்பவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். இதில் ஒருவரைக் காப்பாற்றக்கூடியவர் அவர் பக்கத்தில் நடப்பவர்தான்.

இது குளிர்காலத்துக்கு மட்டும் உரியதும் அன்று. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் 2,141 மீட்டர் உயரமுள்ள தொமுராஉஷி மலையில், வழிகாட்டிகளோடு சென்ற 18 பேர் குழுவில் 8 பேர் உடல்வெப்பக் குறைவால் இறந்தார்கள். அது 2009 ஜூலை மாதம். மழையில் நனைந்த உடலும் மறைவில்லாத காற்றும் சேர்ந்தால் பனியே தேவையில்லை. அதனால்தான் வியர்வையை நான் அஞ்சுகிறேன். ஏறும்போது நனைந்தவர், நின்றவுடன் தொமுராஉஷியில் நிற்கிறார்.

புதுத்தடம்:

வணக்கம். நான் மூன்று குளிர்காலங்களாகக் காட்டுப் பாதைகளில் மட்டும் நடப்பவள். இந்த ஆண்டு முதன்முதலாக மர எல்லைக்கு மேலே ஒரு குழுவோடு போக இருக்கிறேன். இங்கே எழுதியவற்றைப் படித்து அச்சமும் தெளிவும் சேர்ந்தே வந்தன. ஐயா, கடைசி மரத்தடியில் முடிவு எடுக்க வேண்டும் என்கிறீர்கள். அங்கே நின்று என்னதான் செய்வது? அதைவிட முக்கியமாக, குழுவில் புதியவளாகிய நான் ஒருத்தி மட்டும் தயங்கினால் மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது?

கடைசிமரம்:

நல்ல கேள்வி, தங்கையே. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுவே கடினமானது.

அன்று காட்டுக்குள் அந்த இரைச்சலை மூவரும் கேட்டு மூவரும் மௌனமாக இருந்தோம் என்று எழுதினேன். பின்னர் நாங்கள் பேசிப் பார்த்தபோது, மூவருமே திரும்ப நினைத்திருந்தது தெரியவந்தது. ஒவ்வொருவரும் மற்ற இருவருக்காகவே நடந்தோம். இப்போது நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறோம்: கடைசி மரத்தடியில் ஒவ்வொருவரும் தம் வாயால் போகலாம் அல்லது திரும்பலாம் என்று சொல்ல வேண்டும், அனுபவம் குறைந்தவர் முதலில் சொல்ல வேண்டும், ஒருவர் திரும்பலாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் புதியவர் அதையே திருப்பிச் சொல்வார் என்பதற்காகத்தான் அந்த வரிசை. உங்கள் குழுவிடம் இதை முந்தைய நாளே கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் குழுவோடு மர எல்லைக்கு மேலே போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி அங்கே செய்வது. மரங்கள் ஆளுயரம் இருக்கும்போதே நில்லுங்கள். புதர் அளவுக்கு வந்துவிட்டால் மறைவு போய்விடும். வரும் வழியில் வியர்க்காதபடி மெதுவாக நடந்து, உள்சட்டை உலர்ந்த நிலையில் அங்கே வந்து சேருங்கள். காற்றுத் தடுப்புச் சட்டை, தலைமூடி, முகமூடி, பனிக்கண்ணாடி, தடித்த கையுறை எல்லாவற்றையும் அந்த மறைவிலேயே அணியுங்கள். வெட்டவெளிக்குப் போன பின் அணியலாம் என்று தள்ளிப்போட்ட எதையும் பெரும்பாலும் அணிய மாட்டீர்கள். பனிக்கண்ணாடியை ஒருமுறை அணிந்தால் நெற்றிக்கு ஏற்றாதீர்கள். கையுறையின் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். மாற்றுக் கையுறை ஒன்று பையின் அடியில் இல்லாமல், சட்டையின் உட்பையில், உடல் சூட்டில் இருக்கட்டும். தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்பரப்பிலிருந்து உறைவதால் மூடி அடைபடாது. ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

பிறகு ஒருவர் மட்டும் ஐம்பது அடி மேலே ஏறி, வெட்டவெளியில் நின்று, வந்த வழியை நோக்கித் திரும்பி நிற்கட்டும். முழுதாக இரண்டு நிமிடம். கண் திறக்க முடிகிறதா, மூச்சு விட முடிகிறதா, கீழே நிற்பவர்களை அடையாளம் காண முடிகிறதா என்று பார்க்கட்டும். பக்கத்திலுள்ள குட்டை மரங்களையும் பாருங்கள். கிளைகள் ஒரே பக்கமாக, கொடியைப்போல் நீண்டிருந்தால், அந்த இடத்தில் வழக்கமாகக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மரமே எழுதி வைத்திருக்கிறது. காற்று வரும் பக்கத்து மொட்டுகளைப் பறக்கும் பனித்துகளும் குளிரும் கொன்றுவிடுவதால் மற்றப் பக்கம் மட்டுமே வளர்கிறது. நான் அன்று அந்த மரங்களை அழகு என்று படம் எடுத்துக்கொண்டு கடந்தேன்.

வரைபடம்:

ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த இரண்டு நிமிடங்களில், காட்டுக்குள் நுழையும் வாயைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து இறங்கும்போது மர எல்லை நீண்ட ஒரே கறுப்புக் கோடாகத் தெரியும். பாதை அதில் எங்கே நுழைகிறது என்பது தெரியாது. ஐம்பது மீட்டர் பக்கவாட்டில் தவறினால், கழுத்தளவு பனியும் பின்னிய கிளைகளும் நிறைந்த குட்டை மரக்காட்டில் சிக்கிக்கொள்வீர்கள். அதிலிருந்து வெளியேற ஆகும் நேரமும் வலுவும் முகட்டில் இழந்ததைவிட அதிகமாகிவிடக்கூடும்.

வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும்போது சரிவு மேலேறுகிறதா, கீழிறங்குகிறதா என்பதே தெரியாது. சமதரை என்று எண்ணிக் கால் வைத்தால் பள்ளம் இருக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்து ஜி.பி.எஸ். பார்க்கலாம் என்று நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிரில் மின்கலத்தின் வேதிவினை மந்தமாவதால், பாதிக்குமேல் மின்னூட்டம் காட்டிய கைப்பேசி சட்டென்று அணைந்துவிடும், தொடுதிரைக்குக் கையுறையைக் கழற்ற வேண்டும், நனைந்த திரை விரலையே உணராது. கைப்பேசியை உடலோடு ஒட்டிய பையில் வைத்திருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இறங்கும் ஒவ்வொரு பகுதிக்கும் திசைக் கோணமும் தூரமும் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டால், திசைகாட்டியும் அடி எண்ணிக்கையும் போதும். மர மறைவில் எழுத ஐந்து நிமிடம் ஆகும் அந்த அட்டையை, மேலே காற்றில் எழுதவே முடியாது.

காற்றுக்கு அஞ்சி மறுபக்கச் சரிவில் இறங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே சட்டென்று அமைதி இருக்கும். அந்த அமைதிப் பக்கத்தில்தான் காற்று அள்ளி வந்த பனி பலகைபோல் இறுகிக் குவிகிறது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. முகட்டின் விளிம்பிலோ, அடியில் ஒன்றுமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனித் தொங்கல் இருக்கலாம். மேலே நிற்பவருக்கு அது திடமான தரையாகவே தெரியும். முன்பின் தெரியாத மறுபக்கத்தைவிட, தெரிந்த பாதையில் எதிர்க்காற்றே மேல் என்று நான் கருதுகிறேன். வேறு வழியே இல்லாமல் போனால், இருள் வருமுன் பனியில் குழி தோண்டி, பைகளையும் நுரைப்பாயையும் கீழே போட்டு, அவசரத் துணிக்குள் நெருக்கமாக உட்கார்ந்துவிடுவது நடந்துகொண்டே விழுவதைவிடப் பலமுறை நல்லது. ஆனால் அது வலு மிச்சமிருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு.

வடமுகடு:

முதலுதவி எழுதியதை இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். 1902 ஜனவரியில் ஜப்பானின் ஹக்கோடா மலையில் 210 படைவீரர்கள் பனிப்புயலில் சிக்கி 199 பேர் இறந்த நிகழ்ச்சியை மீண்டும் படித்தேன். அதே நாட்களில் அதே மலைப்பகுதியை எதிர்த்திசையிலிருந்து கடந்த மற்றொரு சிறிய அணி, உள்ளூர் வழிகாட்டிகளின் துணையோடு, ஒருவரையும் இழக்காமல் வந்து சேர்ந்தது. உடல் வலுவில் இவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்க முடியாது. நான் இதுவரை அனுபவம் என்று சொல்லிவந்ததில் பாதி என் உடல் வலுவைப் பற்றியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

குடிலைப் பற்றி நான் கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கருத்தை இன்னும் விடமாட்டேன். கடைசி மரத்தடியில் போகலாம் என்று முடிவானால், அதோடு கேள்வி முடிந்துவிட்டதாக நினைப்பதும் ஆபத்தே. காலையில் சரியென்று சொன்னோம் என்பதற்காக மதியத்திலும் நடந்துகொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கடைசி மரத்தின் முடிவு போவதற்கான அனுமதியாக இருக்கட்டும். திரும்புவதற்கான கேள்வி மேலேயும் உயிரோடு இருக்க வேண்டும்.

கடைசிமரம்:

நீங்கள் சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன், வடமுகடு. என் தொடக்கப் பதிவில் அதை எழுதாமல் விட்டது குறைதான். மேலேயும் அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருக்க, அது உணர்வைச் சார்ந்ததாக இருக்கக் கூடாது என்பதே என் கவலை. ஏனென்றால் முதலுதவி சொன்னதுபோல் உணர்வு முதலில் பொய் சொல்லத் தொடங்குகிறது. ஆகவே திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் ஒலிக்க வைத்துக்கொள்கிறோம். அடுத்த கற்குவியல் தெரியாவிட்டால் திரும்புகிறோம். கால்மணிக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மூக்கு நுனியிலும் கன்னத்திலும் மெழுகுபோன்ற வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம், இருந்தால் திரும்புகிறோம். இவை எதிலும் எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு இடமில்லை.

விபத்துக்குப் பிறகு இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக அதே மலைக்கு, அதே இருவரோடு போனோம். உச்சிக்கான கணிப்பு மணிக்கு 50 கிலோமீட்டர் என்றது. பிற்பகலில் கூடும் என்றும் சொன்னது. காட்டில் அதே அமைதி, மேலே அதே இரைச்சல். ஆளுயர மரங்களின் மறைவில் நின்று எல்லாவற்றையும் அணிந்துகொண்டோம். பரிசோதிக்கப் போனது நான்தான். ஐம்பது அடி ஏறித் திரும்பி நின்றேன். மூச்சு விட முடிந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. கீழே இருவரும் தெரிந்தார்கள். போய்விடலாம் என்றே தோன்றியது. பிறகு நான் ஏறி வந்த அடித்தடங்களைப் பார்த்தேன். நான் நின்ற இரண்டு நிமிடத்தில், காலடியிலிருந்து மூன்றாவது தடம் வரை பனி நிரம்பி மேடாகியிருந்தது. அதற்கு அப்பால் நான் வந்ததற்கான அடையாளமே இல்லை.

கீழே வந்து சேர்ந்தேன். எங்களில் அனுபவம் குறைந்தவர் முதலில் பேசினார். திரும்பலாம் என்றார்.